சின்தசைசர்ல ஒரு மரண கானா: டெபெஷ் மோட் திரும்பி வந்த கதை

ஒரு குரூப்புல பாட்டு எழுதாத, பாடாத, கீபோர்டு முன்னாடி நின்னாலும் பெருசா எதுவும் வாசிக்காத ஒரு ஆள் செத்துட்டா அந்த குரூப்போட சத்தம் மாறுமா? மாறக்கூடாதுதானே, வாசிக்கிறவங்க எல்லாம் அப்படியேதான இருக்காங்க. ஆனா மாறும். இத நான் ரெண்டு எடத்துல பாத்துட்டேன், ஒண்ணு சின்தசைசர்ங்கிற, மின்சாரத்துல சத்தத்த உருவாக்குற கீபோர்டு வச்சு பாட்டு போடுற டெபெஷ் மோட்ங்கிற இங்கிலாந்து பேண்டு, இன்னொண்ணு எங்க புது வண்ணாரப்பேட்டை பக்கம் கோயில் கச்சேரி வாசிக்கிற ஒரு குரூப்பு. முதல்ல டெபெஷ் மோட் கதைய முழுசா சொல்லிடுறேன், ஏன்னா நம்ம ஆளுங்க நிறைய பேருக்கு அந்த பேண்டோட ஒரு பாட்டோ ரெண்டு பாட்டோதான் தெரியும், பின்னாடி இருக்குற கதை தெரியாம அவங்களோட 'கோஸ்ட்ஸ் அகைன்' பாட்ட கேட்டுட்டு "நல்லாத்தான் இருக்கு, ஆனா டார்க்குன்னு சொன்னியே, எங்க டார்க்கு"ன்னு என்கிட்டயே நாலஞ்சு பேரு கேட்டுட்டாங்க.

2023 பிப்ரவரி 9-ம் தேதி அந்த பாட்டு வந்துச்சு. அதுக்கு முன்னாடி அவங்க போட்ட ஆல்பம் 2017-ல வந்த 'ஸ்பிரிட்', அதாவது ஆறு வருஷ கேப். அந்த ஆறு வருஷத்துல கொரோனா வந்து உலகமே கதவ சாத்திக்கிச்சு, அது முடிஞ்சு மூச்சு விடலாம்னு பாத்தா 2022 மே 26-ம் தேதி ஆண்டி ஃப்ளெட்சர் போயிட்டாரு, வயசு 60, இதயத்துலேர்ந்து கிளம்புற பெரிய ரத்தக்குழாய் கிழிஞ்சு சாவு. பேண்ட் ஆரம்பிச்ச 1980-லேர்ந்து இருந்த மனுஷன். மிச்சம் இருந்தது பாட்டு எழுதுற மார்ட்டின் கோரும், பாடுற டேவ் கேஹனும், ரெண்டே பேரு. அந்த வருஷமே அமெரிக்காவுல சான்டா பார்பராவுல இருக்குற கோரோட ஸ்டூடியோவுல உக்காந்து, ரெக்கார்டிங் வேலைக்கு ஜேம்ஸ் ஃபோர்டு, மார்ட்டா சலோன்யி ரெண்டு பேரையும் கூட வச்சுக்கிட்டு ஆல்பத்த முடிச்சாங்க, பேரு 'மெமென்டோ மோரி', 2023 மார்ச் 24-ல ரிலீஸ், அவங்களோட 15-வது ஸ்டூடியோ ஆல்பம். அதுலேர்ந்து முதல்ல வெளிய விட்ட பாட்டுதான் 'கோஸ்ட்ஸ் அகைன்'.

இந்த ஆளுங்க எங்கேர்ந்து வந்தாங்கன்னு பாத்தாதான் இந்த சத்தம் புரியும். பாசில்டன்னு எசெக்ஸ்ல ஒரு ஊரு, இரண்டாம் உலகப்போர் முடிஞ்சப்புறம் 1949-ல அரசாங்கமே முடிவு பண்ணி உருவாக்குன ஊரு, லண்டன் கிழக்குப் பக்கம் குண்டு விழுந்து இடிஞ்ச வீட்லயும் நெரிசல் சந்துலயும் இருந்த உழைக்கிற ஜனங்கள கொண்டுபோய் குடி வச்ச எடம். ஹவுசிங் போர்டுன்னா என்னன்னு நமக்கு யாரும் பாடம் எடுக்க வேணாம், ஒரே மாதிரி வீடு, ஒரே மாதிரி தெரு, பக்கத்துல ஃபேக்டரி. 1964-ல ஃபோர்டு கம்பெனிக்காரங்க அங்க டிராக்டர் ஃபேக்டரி போட்டாங்க. ஃப்ளெட்சரும் கோரும் ஒரே ஸ்கூல்ல படிச்சவங்க, பேண்ட் ஆரம்பிச்ச புதுசுல ஃப்ளெட்சர் இன்சூரன்ஸ் கம்பெனி கிளார்க்கு, கோர் பேங்க் கிளார்க்கு. கிட்டார் ஆம்ப், டிரம் செட்டுன்னு லாரி வச்சு ஏத்த வேண்டியதில்ல, சின்ன சின்தசைசர கக்கத்துல இடுக்கிக்கிட்டு ரயில் ஏறிப் போனவங்க, டிவி நிகழ்ச்சிக்கே அப்படித்தான் போனாங்க. பாட்டு எழுதிட்டு இருந்த வின்ஸ் கிளார்க் 1981-ல முதல் ஆல்பம் முடிஞ்ச கையோட கிளம்பிட்டாரு, அதுக்கப்புறம் எழுதுற பொறுப்பு கோர் தலையில, அப்போலேர்ந்துதான் பாட்டுல இருட்டு சேர ஆரம்பிச்சுது.

அந்தக் காலத்து சின்தசைசர் இசை எங்க எங்கேர்ந்து வந்துச்சுன்னு ஒரு தடவ மேப்ப எடுத்துப் பாருங்க, எல்லாமே தொழிற்சாலை ஊரு. ஹியூமன் லீக் வந்தது ஸ்டீல் உருக்குற ஷெஃபீல்டு, நியூ ஆர்டர் வந்தது பஞ்சு மில்லு ஊரான மான்செஸ்டர், இவங்களுக்கெல்லாம் முன்னோடி கிராஃப்ட்வெர்க் ஜெர்மனியில ரூர் தொழிற்பேட்டைய ஒட்டி இருக்குற டுசெல்டார்ஃப். மெஷின் சத்தம் கேட்டு வளந்த பசங்களுக்கு மெஷின்லேர்ந்து பாட்டு வர்றது அதிசயமா தெரியல. எங்க பக்கமும் அப்படித்தானே, பெரம்பூர்ல பி அண்ட் சி மில்லு, 1918-ல இந்தியாவுலயே முறையா அமைஞ்ச முதல் தொழிற்சங்கமா சென்னை தொழிலாளர் சங்கம் அந்த மில்லு ஆளுங்கள வச்சுதான் ஆரம்பிச்சுது, மில்லு சங்கு ஊதுற சத்தத்த வச்சு அடுப்புல உலை வச்ச வீடுங்க எத்தனையோ, 1996-ல மில்லு மூடுனப்போ அந்த சங்கும் நின்னுச்சு. எண்ணூர் லேலண்ட், மணலி ரிஃபைனரி, ஹார்பர் கிரேனு, ராத்திரி முழுக்க கூட்ஸ் வண்டி. இந்த சத்தத்துக்குள்ள பொறந்தவனுக்கு சீக்வென்சர்னா என்னன்னு சொல்லித்தர அவசியமே இல்ல, ஒரே வரிசைய சலிக்காம திரும்பத் திரும்ப வாசிக்கிற மெஷின் அது, அவ்வளவுதான்.

டெபெஷ் மோட் இதுல ஒரு படி மேல போனாங்க. 1983-ல 'கன்ஸ்ட்ரக்‌ஷன் டைம் அகைன்' ஆல்பத்துக்கு லண்டன்ல ஷோர்டிச் பக்கம் கட்டட வேலை நடக்குற எடத்துக்கும் பாழடைஞ்ச எடத்துக்கும் டேப் ரெக்கார்டரோட போயி, இரும்புக் குழாய அடிச்சு, தகரத்த தட்டி, அந்த சத்தத்த பதிவு பண்ணிட்டு வந்து சாம்ப்ளர்ல ஏத்தி வாசிச்சாங்க. சாம்ப்ளர்னா ஒரு சத்தத்த புடிச்சு கீபோர்டு கட்டையில உக்கார வச்சு, கட்டைக்கு ஏத்தமாதிரி சுருதி மாத்தி வாசிக்கிற மெஷின். காலி குடத்தையும் சட்டியையும் தட்டி தாளம் புடிக்கிற கானா பசங்களுக்கு இதுல புதுசா ஒண்ணுமில்ல, கையில கெடச்சது வாத்தியம்.

சரி, டார்க்குன்னா என்ன, ஒரு எலக்ட்ரானிக் சத்தம் எப்படி இருட்டாகுது? இத கொஞ்சம் பொறுமையா சொல்லணும். ஆடி மாசம் தெருவுல கூழ் ஊத்துறாங்க, மாரியம்மன் பாட்டு குழாய் ஸ்பீக்கர்ல அலறுது, நீங்க வீட்டுக்குள்ள போய் கதவ சாத்துறீங்க, இப்போ பாட்டுல வார்த்த கேக்காது, ஜால்ரா கேக்காது, செவுத்த தாண்டி டும் டும்னு அடி சத்தம் மட்டும் வரும். அந்தக் கதவுதான் சின்தசைசர்ல லோ பாஸ் ஃபில்டர், மேல் சத்தத்த தடுத்து கீழ் சத்தத்த மட்டும் விடுறது. ஒரு குமிழ திருகி அந்தக் கதவ மெதுவா சாத்துனா பாட்டு மண்ணுக்கு அடியில போற மாதிரி இருக்கும், தொறந்தா வெளிச்சம் வரும். இன்னொண்ணு, ஒரே ஸ்வரத்த ரெண்டு ஆசிலேட்டர்ல, அதாவது சின்தசைசருக்குள்ள சத்தத்த உண்டாக்குற பகுதியில, வாசிக்க விட்டு ஒண்ண ஒரு பிசிறு மட்டும் கலைச்சு விடுறது, ரெண்டு நாயனக்காரங்க சேந்து வாசிக்கும்போது சுருதி துளி விலகுனா காத்துல ஒரு நடுக்கம் வரும்ல, அந்த நடுக்கம். அதுக்கு மேல எதிரொலி. இந்த மூணையும் வச்சுக்கிட்டு நல்ல வெளிச்சமான மெட்டக்கூட சாவு வீட்டுக்கு கொண்டுபோயிடலாம்.

இதுக்கு நேர் எதிர் வித்தை ஒண்ணும் இருக்கு, அதுதான் டெபெஷ் மோடோட சொந்த வித்தைன்னு நான் நெனைக்கிறேன், சோகப் பாட்டுக்கு அடியில ஆட வைக்கிற தாளத்த போடுறது. 1990-ல வந்த 'என்ஜாய் தி சைலன்ஸ்' அவங்களோட பெரிய ஹிட்டு, அத கோர் முதல்ல எப்படி எழுதி எடுத்துட்டு வந்தாருன்னா மெதுவான பாட்டா, ஹார்மோனியம் மட்டும் வச்சுக்கிட்டு. அப்போ பேண்டுல இருந்த ஆலன் வைல்டர்தான் இத வேகமாக்கி டான்ஸ் பீட்டு போடலாம்னு சொன்னாரு, கோருக்கு முதல்ல புடிக்கல, அமைதியப் பத்தின பாட்டுக்கு எதுக்கு இவ்ளோ ஓட்டம்னு. போட்டுப் பாத்தாங்க, உலகமே இன்னைக்கி வரைக்கும் அந்த வேகத்துலதான் அத கேக்குது. ஹார்மோனியத்துக்கு அடியில டிரம் மெஷின். இந்த ஒரு விஷயத்த மனசுல வச்சுக்கோங்க, கடைசி வரைக்கும் வேணும்.

டெபெஷ் மோட் செத்துப் பொழைச்சு வந்தது இது முதல் தடவையும் இல்ல. 1995-ல ஆலன் வைல்டர் விலகிட்டாரு. 1996 மே மாசம் லாஸ் ஏஞ்சலஸ்ல கேஹன் போதை ஊசி அளவு மீறிப் போட்டு அவர் இதயமே ரெண்டு நிமிஷம் நின்னுபோச்சு, அப்புறம் திரும்பி வந்துச்சு. எல்லாரும் பேண்ட் முடிஞ்சுதுன்னு எழுதிட்டாங்க. 1997 பிப்ரவரியில 'பேரல் ஆஃப் எ கன்'னு ஒரு சிங்கிள் விட்டாங்க பாருங்க, டார்க் கம்பேக்குன்னா அதுதான், டிரம்மு கிழிஞ்ச துணி மாதிரி, குரல் மேலயே டிஸ்டார்ஷன், அதாவது சத்தத்த கரகரன்னு சிதைக்கிறது, கேஹன் ஏதோ கெணத்துக்குள்ளேர்ந்து கத்துற மாதிரி இருக்கும், கேக்க கேக்க மூச்சு முட்டும். அந்த மனுஷன் அப்போ இருந்த நெலமைய அப்படியே சத்தமா வச்சாங்க. அதனாலதான் ஃப்ளெட்சர் செத்தப்புறம் 2023-ல வர்ற பாட்டு அதவிட இருட்டா இருக்கும்னு நான் உள்பட எல்லாரும் எதிர்பாத்தோம்.

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்ல வண்டிய நிறுத்திட்டு நிக்கிறேன், கேட்டு போட்டா எப்போ தொறப்பாங்கன்னு யாருக்கும் தெரியாது, ஹெட்ஃபோன மாட்டி பாட்ட போட்டேன். சீரான ஒரு பீட்டு, அடியில துடிக்கிற சின்த் பேஸ், அதுக்கு மேல கோரோட கிட்டார்லேர்ந்து ஒரு சின்ன மெலடி, சாயங்காலம் கடல் பக்கம் பாக்குற மாதிரி. எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு, என்னடா இது இவ்ளோ லேசா இருக்கேன்னு. அப்புறம் கேஹன் வாய தொறந்தாரு. ஒவ்வொரு அடிக்கும் ரெண்டு மூணு வார்த்ததான், வீணாப்போன உணர்ச்சி, ஒடஞ்ச அர்த்தம், ஓடிப்போற நேரம், இப்படி கணக்கு ஒப்பிக்கிற மாதிரி அடுக்கிட்டே போறாரு, அழல, கத்தல. கூட்ஸ் வண்டி ஒண்ணு ஹார்பர் பக்கமா போயிட்டு இருந்துச்சு, பெட்டி ஒவ்வொண்ணும் தண்டவாள இணைப்புல ஏறி எறங்குற சத்தம் கொஞ்ச நேரம் பாட்டோட பீட்டோட ஒட்டிக்கிச்சு. நாம மறுபடியும் ஆவியாவோம்னு நமக்கே தெரியும்னு பாட்டு முடியுது. அந்த 'மறுபடியும்' என்ன விடவே இல்ல, ஒரு தடவ ஆவியா இருந்தவன்தானே மறுபடியும் ஆக முடியும், அப்போ பொறக்குறதுக்கு முன்னாடியும் நாம அதுவாத்தான் இருந்தோமா, நடுவுல கொஞ்ச நாள்தான் இந்த ஒடம்பா?

இங்க ஒரு முக்கியமான விஷயம், நெறைய பேரு தப்பா சொல்றாங்க. இது ஃப்ளெட்சருக்காக எழுதுன பாட்டு கிடையாது. இந்த ஆல்பத்துல பெரும்பாலான பாட்டு அவர் உயிரோட இருக்கும்போதே எழுதி வச்சது, கொரோனா காலத்துல சாவ சுத்தி வச்சுக்கிட்டு எழுதுனது. 'கோஸ்ட்ஸ் அகைன்' கோர் தனியா எழுதுனதும் இல்ல, சைக்கடெலிக் ஃபர்ஸ் பேண்டோட பாடகர் ரிச்சர்ட் பட்லர் கூட சேந்து எழுதுனது, அவங்க ரெண்டு பேரும் சேந்து எழுதுன நாலு பாட்டு இந்த ஆல்பத்துல இருக்கு. வெளியாளோட உக்காந்து எழுதுறது கோருக்கு வழக்கமே கிடையாது. ஆக பொதுவா சாவப் பத்தி எழுதி வச்ச பாட்டுக்கு நடுவுல நெசமாவே ஒரு சாவு வந்து உக்காந்துக்கிச்சு. எழுதுனவன் எழுதும்போது அதுல இல்லாத ஒரு பேரு, பாடும்போது உள்ள வந்துடுச்சு. இருட்டு அங்கதான் இருக்கு, சத்தத்துல தேடுனா கெடைக்காது.

ஃப்ளெட்சர் என்னதான் பண்ணிட்டு இருந்தாருன்னு பல வருஷமா கிண்டல் பண்ணவங்க உண்டு, அவரே ஒரு தடவ மத்தவங்க வேலைய எல்லாம் வரிசையா சொல்லிட்டு நான் சும்மா சுத்திட்டு இருப்பேன்னு சொன்னவருதான். ஆனா அந்த பேண்டுக்கு ரொம்ப காலம் முழுநேர மேனேஜரே கிடையாது, கணக்கு வழக்கு, வக்கீல், கம்பெனிக்காரங்க எல்லாத்தையும் பாத்துக்கிட்டது அவரு. மியூட்னு ஒரு சின்ன ரெக்கார்டு கம்பெனி, டேனியல் மில்லர் நடத்துறது, அவரோட இவங்க பேப்பர்ல ஒப்பந்தம்கூட போடாம வாய் வார்த்தையில பல வருஷம் ஓட்டுனாங்க, அப்படி ஓடணும்னா நடுவுல கணக்கு சுத்தமா ஒரு ஆளு வேணும்ல. அதவிட முக்கியம், கோருக்கும் கேஹனுக்கும் ஒத்துவராதப்போ நடுவுல நின்னது அவருதான். அவர் போனப்புறம்தான் நாங்க ரெண்டு பேரும் நேருக்கு நேர் பேசிக்க ஆரம்பிச்சோம்னு அவங்களே பேட்டியில சொல்லியிருக்காங்க, நாப்பது வருஷம் ஒண்ணா இருந்துட்டு.

எங்க குரூப்புல அந்த ஆளு மேனேஜர் அண்ணன். பேரு வேணாம், ஏரியாவுல எல்லாருக்கும் மேனேஜர் அண்ணன்தான். கோயில் கமிட்டிகிட்ட அட்வான்ஸ் வாங்குறது, ஜெனரேட்டர் சொல்றது, பாடுற பொண்ணுங்கள பத்திரமா வீட்ல எறக்கி விடுறது, கடைசி ஆள் சாப்பிட்டானான்னு பாத்துட்டு தான் சாப்பிடுறது, இதான் அவர் வேல. கச்சேரி நடக்கும்போது மேடைக்கு ஓரமா ஜெனரேட்டர் பக்கம் நின்னுட்டு இருப்பாரு, கையில ஒரு டார்ச்சு. பத்து மணிக்கு மேல ஸ்பீக்கர் போடக்கூடாது, அதனால ஒம்போதே முக்காலுக்கு டார்ச்ச ஒரு தடவ அடிச்சா இன்னும் ரெண்டு பாட்டு, ரெண்டு தடவ அடிச்சா இதான் கடைசி. கொரோனா ரெண்டாவது அலை ஓஞ்ச கொஞ்ச நாள்ல மாரடைப்புல போயிட்டாரு.

அன்னைக்கி ராத்திரி அவர் வீட்டு வாசல்ல மரண கானா வச்சோம். வட சென்னையில இது தெரியாதவங்க இல்ல, சாவு வீட்ல ராத்திரி முழுக்க உக்காந்து செத்தவரப் பத்தி பாடுறது, சட்டியும் டோலக்கும் வச்சுக்கிட்டு, மரண கானா விஜி மாதிரி ஆளுங்க பேருக்கு முன்னாடியே அது ஒட்டிக்கிட்டு இருக்கு. ஷாமியானா, ப்ளாஸ்டிக் சேர், டியூப் லைட்டு, நடுவுல ஐஸ் பெட்டிக்குள்ள அண்ணன். அந்தப் பெட்டி கம்ப்ரெசர் ஓடும்போது ம்ம்ம்னு ஒரு சத்தம் வரும், எல்லாரும் கேட்டிருப்பீங்க. கீபோர்டு வாசிக்கிற தம்பி என் பக்கத்துல உக்காந்திருந்தான், திடீர்னு காதுல வந்து சொல்றான், "அண்ணே, பெட்டி சுருதி குடுக்குதுண்ணே." பாட வந்தவரும் அத கேட்டுட்டாரு போல, கண்ண மூடி அந்த ம்ம்ம்லயே சுருதி புடிச்சு பாட ஆரம்பிச்சாரு, டோலக்கு சேந்துச்சு. வரி எல்லாம் ஏற்கெனவே பாடுற வரிதான், சொந்த பந்தம் சுடுகாடு வரைக்கும்னு, ஆனா நடுவுல அண்ணன் பேர வச்சாரு, டார்ச்ச வச்சாரு. தாளம் கெளம்புனதும் ஓரமா நின்ன பசங்க ரெண்டு பேரு ஆட ஆரம்பிச்சுட்டாங்க, கண்ணுல தண்ணி ஊத்துது, காலு நிக்கல. அண்ணன் சம்சாரம் அவங்கள பாத்துட்டு, "ஆடுங்கடா, அவருக்கு புடிக்கும்"னு சொன்னாங்க.

'கோஸ்ட்ஸ் அகைன்' ஏன் அழ வைக்காம நடக்க வைக்குதுன்னு யாராவது கேட்டா நான் அந்த ராத்திரியத்தான் சொல்லுவேன். 'மெமென்டோ மோரி'ன்னா லத்தீன்ல, சாவு உண்டுன்னு ஞாபகம் வச்சுக்கோன்னு அர்த்தம். இத நாம லத்தீன்ல படிக்கணும்னு இல்ல, காதறுந்த ஊசிகூட கடைசி வழிக்கு கூட வராதுன்னு சொன்ன பட்டினத்தார் சமாதி திருவொற்றியூர்ல கடல பாத்துட்டு இருக்கு, தண்டையார்பேட்டையிலேர்ந்து பஸ் ஏறுனா கொஞ்ச நேரம்தான். சாவ மறக்காம இருக்குறதும் தாளம் போடுறதும் ஒண்ணுக்கொண்ணு விரோதம்னு எங்க பக்கம் யாரும் நெனச்சதே இல்ல, கோரும் நெனச்சதில்ல, ஹார்மோனியத்துக்கு அடியில பீட்டு போட்டப்பவே அந்த பேண்டுக்கு அது தெரிஞ்சுபோச்சு.

வீடியோவையும் பாத்துடுங்க, ஆன்டன் கார்பைன் எடுத்தது, 80-கள்லேர்ந்து இவங்கள படம் புடிக்கிறவரு. கருப்பு வெள்ளையில, ஒரு மொட்டை மாடியில கோரும் கேஹனும் செஸ் ஆடுறாங்க. ஸ்வீடன் டைரக்டர் இங்மார் பெர்க்மன் 1957-ல எடுத்த படம் ஒண்ணுல ஒரு போர்வீரன் சாவோட உக்காந்து செஸ் ஆடுவான், அதோட ஞாபகம்தான் இது. படத்துல சாவு யாருன்னு முகத்த பாத்தே தெரியும், வீடியோவுல ரெண்டு பேருமே ஒரே மாதிரி வயசானவங்க, யாரு சாவு யாரு மனுஷன்னு சொல்லவே முடியாது, ரெண்டு பேருதான் மிச்சம், அதுல ஒருத்தர் முதல்ல போவாரு, அது ரெண்டு பேருக்கும் தெரியும். எங்க ஏரியாவுல எடுத்திருந்தா கேரம் போர்டு வச்சிருப்பாங்க, அதுல நாலு பேரு உக்காரலாம், காலி எடம் பளிச்சுன்னு தெரிஞ்சிருக்கும்.

அப்புறம் டூர் போனாங்க, 2023 மார்ச்ல ஆரம்பிச்சு 2024 ஏப்ரல்ல ஜெர்மனி கொலோன்ல முடிச்சாங்க. மேடையில 'வேர்ல்டு இன் மை ஐஸ்' பாட்ட ஃப்ளெட்சருக்குன்னு சொல்லிப் பாடுவாங்க, பின்னாடி பெரிய ஸ்கிரீன்ல அவரோட சின்ன வயசு முகம், கண்ணாடி போட்டுக்கிட்டு. பாட்டு ஓடும், ஜனம் ஆடும்.

எங்க குரூப்பு அண்ணன் இல்லாம வாசிச்ச முதல் ஆடிக் கச்சேரியில ஒம்போதே முக்கால் ஆச்சு, பாடுறவரு ஜெனரேட்டர் பக்கம் பாத்தாரு, டார்ச்சு வரல. இன்னொரு பாட்டு எடுத்தாரு, மறுபடி பாத்தாரு. எந்தப் பாட்ட எங்க முடிக்கிறதுன்னு தெரியாம தம்பி கீபோர்டுல அதே நாலு ஸ்வரக் கூட்ட சுத்திக்கிட்டே இருந்தான், டிரம்ஸ்காரரும் நிறுத்தல, பத்து இருபதுக்கு கமிட்டிக்காரரு வந்து மெயின ஆஃப் பண்ற வரைக்கும் அந்த பாட்டு போயிட்டே இருந்துச்சு.